பின்சக்கரத்தின் இடதுபக்கம்

எஞ்சின் மாட்டிய சைக்கிளின் பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடலாம் என்று முடிவு செய்த அன்று, வேண்டிய சாமான்களை எழுதிப் பார்த்தேன். டிஸ்க் மாட்டத் துளையுள்ள ஹப் (சக்கரத்தின் நடு உருளை), ரோட்டர் (அதோடு சுற்றும் பிரேக் தட்டு), காலிப்பர் (அந்தத் தட்டைக் கவ்விப் பிடிப்பது), கேபிள், பிரேக் பிடி. ஐந்தே வரி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் பிரேக்குக்கென்று செலவான நேரம் உண்மையிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான். மீதி எல்லாம் சக்கரத்தின் இடதுபக்கத்தில் இருக்கும் ஒரு சாண் இடத்துக்கும், ஃப்ரேமின் ஒரு இரும்புக் குழாய்க்கும் போனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அந்த இரண்டைப் பற்றியும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் டிஸ்க்? எல்லாப் பாகங்களும் சேர்ந்த ஒரே தொகுப்பாக, கிட்டாக வாங்கிச் சைக்கிளில் பொருத்தும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றோடு வரும் பின் பல்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 44 பல் இருக்கும், அது ஹப்பில் உட்காராது, சக்கரத்தின் கம்பிகளில்தான் உட்காரும். கம்பிகளுக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம், வெளியே ஒரு ரப்பர் வளையம், நடுவில் கம்பிகளைக் கடித்துப் பிடிக்கும்படி ஒன்பது போல்ட். எந்தச் சைக்கிளிலும் மாட்டலாம் என்பது இதன் வசதி. ஆனால் எஞ்சின் இழுக்கும் இழுப்பெல்லாம் இடதுபக்கக் கம்பிகளின் நடுவயிற்றில் விழுகிறது. கம்பி என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே விறைப்பாக நின்று இழுவையைத் தாங்கச் செய்த பொருள், அதன் நடுவில் பிடித்து முறுக்கினால் மெல்ல மெல்ல இறுக்கம் விடும். இறுக்கம் விட்டால் ரிம்மில் கோட்டம் விழும். என் சக்கரத்துக்கு இருபது நாளுக்கு ஒருமுறை கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இருந்த பிரேக்கோ ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் வி-பிரேக். ரிம் 3 மில்லிமீட்டர் ஆடினால் கட்டைகளை அந்த 3 மில்லிமீட்டரும் தள்ளித்தான் வைக்க முடியும், இல்லாவிட்டால் உரசும். தள்ளி வைத்தால் பிடியை இழுக்கும்போது பாதி தூரம் வெறும் இழுப்பாகவே போய்விடும். மழையில் இன்னும் மோசம், ரிம் நனைந்திருந்தால் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், அப்புறம்தான் பிடிக்கும், அந்த இடைவெளியில் சக்கரம் சில சுற்று சுற்றிவிடுகிறது. மிதித்து ஓட்டும் வேகத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். எஞ்சின் வேகத்தில் முடியாது.

கணக்கும் அதையே சொல்கிறது. வண்டி, எஞ்சின், நான், பின்னால் ஒரு பை, எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 110 கிலோ. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இதன் இயக்க ஆற்றல் சுமார் 1,700 ஜூல். 40 கிலோமீட்டரில் 6,800. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டியது நான்கு மடங்கு. இறக்கம் இதைவிடக் கடுமையானது. 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், வேகத்தையே கூட்டாமல் இறங்கினாலும், ஒரு லட்சம் ஜூலுக்கு மேல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி பிரேக்குக்கு. எஞ்சினின் பிடிப்பாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. அதோடு எஞ்சினுக்கான ஆயில் பெட்ரோலில் கலந்துதான் உள்ளே போகிறது, திராட்டிலை மூடிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் எஞ்சினைச் சுற்றவிட்டால் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துவிடும், சுற்று மட்டும் குறையாது. பிஸ்டனுக்கு நல்லதல்ல. ஆகவே பிரேக்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சக்கரத்தில் ஒன்றுக்குத்தான் டிஸ்க் போட முடியும் என்றால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. பின் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு புவியீர்ப்பின் கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரைதான் வேகத்தைக் குறைக்க முடியும், அதற்கு மேல் டயர் வழுக்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது பின் பிரேக் மட்டும் என்றால் நிற்க ஏறக்குறைய 12 மீட்டர் வேண்டும், உலகின் மிகச் சிறந்த டிஸ்க் மாட்டியிருந்தாலும் அந்த 12 மீட்டர் குறையாது. முன் பிரேக்கும் சேர்ந்து நன்றாகப் பிடித்தால் அதில் பாதி. என் வண்டியின் முன் ஃபோர்க்கில் டிஸ்க் மாட்டும் இடம் முன்பே இருந்தது, அதில் 180 மில்லிமீட்டர் ரோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் போட்டதன் நோக்கம் வேறு. நீண்ட இறக்கத்தில் வெப்பத்தை இரண்டு இடத்துக்குப் பகிர வேண்டும், மணலும் சரளையும் உள்ள பாதையில் முன் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்க வேண்டும், முன் கேபிள் அறுந்தால் நம்பத்தக்க இன்னொன்று இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிம் கோணினாலும் பிரேக் கோணக் கூடாது.

சரி, இடதுபக்கம்.

சைக்கிளில் மிதிக்கும் செயின் வலதுபக்கம். அதனால் டிஸ்க் பிரேக் வந்தபோது ரோட்டருக்குக் காலியாக இருந்த இடதுபக்கத்தைக் கொடுத்தார்கள். எஞ்சின் கிட் செய்தவர்களும் அதே காரணத்துக்காக அதே இடதுபக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே சக்கரத்தில் சந்திக்கும் என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஹப்பில் ரோட்டர் உட்காரும் முகத்திலிருந்து ஃப்ரேமின் உள்பக்கம் வரை ஏறக்குறைய 15 மில்லிமீட்டர்தான். ரோட்டருக்கும் கம்பிகளுக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் இடம். அதற்குள் ரோட்டர், அதைக் கவ்வும் காலிப்பர், எஞ்சின் பல்சக்கரம், அதன் மேல் ஓடும் செயின், நான்கும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும்.

அட்டையை வெட்டிப் பார்த்தேன். தடிமனான அட்டையில் ரோட்டர் அளவுக்கு ஒரு வட்டம், பல்சக்கர அளவுக்கு இன்னொன்று, காலிப்பருக்கு ஒரு மரத்துண்டு. இதைச் செய்யாமல் யாரும் சாமான் வாங்க வேண்டாம், ஒரு மாலை நேரம்தான் ஆகும். செயினின் இரண்டு பின்களுக்கு இடையே 12.7 மில்லிமீட்டர். அதை வைத்துக் கணக்கிட்டால் 44 பல் சக்கரத்தில் செயின் ஓடும் வட்டத்தின் ஆரம் 89 மில்லிமீட்டர், செயின் தகட்டின் உயரத்தையும் சேர்த்தால் 95. வழக்கமான 160 மில்லிமீட்டர் ரோட்டரின் ஆரம் 80. அதாவது ரோட்டர் செயின் வட்டத்துக்குள் முழுசாக ஒளிந்துகொள்கிறது. ரோட்டருக்கு அது பிரச்சினை இல்லை, காலிப்பருக்குத்தான். ரோட்டரின் விளிம்பை அது வெளியிலிருந்து வந்து கவ்வ வேண்டும், அதன் உள்பக்க அரை சக்கரத்தை நோக்கி 20 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். நேராகச் செயின் மேல் போய் உட்கார்கிறது. மரத்துண்டை எப்படித் திருப்பினாலும் உட்கார்ந்தது.

வழி என்னவென்று பல நாள் யோசித்தேன். எஞ்சின் செயினையே வலதுபக்கம் கொண்டுபோகும் இடைத்தண்டு ஏற்பாடு ஒன்று உண்டு, எஞ்சின் சக்தி பெடல் இருக்கும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து மிதிக்கும் செயின் வழியாகவே பின்சக்கரத்துக்குப் போகும். இடதுபக்கம் முழுசாகக் காலியாகிவிடும், கியரும் கிடைக்கும். மிகச் சுத்தமான வழி அதுதான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் பெடல் தானாகச் சுற்றாமல் இருக்க அங்கே தனி ஃப்ரீவீல் வேண்டும், மெலிந்த சைக்கிள் செயின் எஞ்சின் இழுப்பைத் தாங்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். எனக்கு வேலை இரண்டு மடங்காகும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

நான் எடுத்த வழி, பல்சக்கரத்தைச் சிறிதாக்கி ரோட்டரைப் பெரிதாக்குவது. 36 பல் என்றால் செயின் வட்டத்தின் ஆரம் 73 மில்லிமீட்டர், தகட்டோடு 79. ரோட்டர் 203 மில்லிமீட்டர் என்றால் காலிப்பரின் அடிப்பகுதி அச்சிலிருந்து 84 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றுவிடுகிறது. இடைவெளி 5 மில்லிமீட்டர். கம்பிகள் ரிம்மை நோக்கி உள்ளே சாய்ந்து போவதால் மேலே போகப் போகக் காலிப்பருக்கு இடம் கூடுகிறது, அந்த வகையிலும் பெரிய ரோட்டர் உதவியது. இதற்கு ஒரு விலை உண்டு. 44லிருந்து 36க்கு வந்தால் அதே எஞ்சின் சுற்றுக்கு வேகம் 22 சதவீதம் கூடும், ஏற்றத்தில் இழுப்பு 18 சதவீதம் குறையும். செங்குத்தான இடங்களில் இப்போது நானும் மிதிக்கிறேன். ஏற்றம் அதிகமுள்ள இடத்தில் ஓட்டுபவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

பல்சக்கரத்தை எதில் மாட்டுவது? டிஸ்க் ஹப்பில் 44 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு துளை இருக்கும், எம்5 போல்ட். நீளமான போல்ட் வாங்கி, நடுவே குழாய்த் துண்டுகளை வைத்து, பல்சக்கரத்தையும் ரோட்டரையும் அடுக்கிவிடலாம் என்று முதலில் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். போல்ட் இரண்டு தகடுகளை இறுக்கிச் சேர்த்துப் பிடிப்பதில் கெட்டி, காற்றில் நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் வளைவதில் இல்லை. லேத்தில் ஒரு அலுமினியக் கிண்ணம் கடையச் சொன்னேன். அடித்தட்டு 5 மில்லிமீட்டர், அது ஹப் முகத்தில் ஆறு போல்ட்டால் உட்காரும். கிண்ணத்தின் விளிம்பு சக்கரத்தை நோக்கி 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும், அதில் பல்சக்கரம். ரோட்டருக்குக் கிண்ணத்திலேயே தனியாக ஆறு மரை. இப்போது செயினுக்கும் ரோட்டருக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் இருக்கிறது. கம்பிகளில் எதுவும் தொங்கவில்லை, ரப்பர் வளையம் இரண்டையும் கழற்றிப் போட்டாயிற்று.

அடித்தட்டின் 5 மில்லிமீட்டர் ரோட்டரை ஃப்ரேம் பக்கம் தள்ளியது. அதை ஈடுகட்ட அச்சின் இடதுபக்கம் 5 மில்லிமீட்டர் வாஷர் சேர்த்தேன், 135 மில்லிமீட்டராக இருந்த ஃப்ரேமின் பின் இடைவெளியை 140க்கு விரித்தேன். இரும்பு ஃப்ரேம் இந்த அளவுக்கு விரிந்து கொடுக்கும், அலுமினிய ஃப்ரேமில் இதைச் செய்யக் கூடாது. வாஷர் ஒரு பக்கம் மட்டும் சேர்ந்ததால் ரிம் நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் வலப்பக்கம் போனது, கம்பிகளைத் திருகி இடப்பக்கம் இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். இதில் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. பின்சக்கரத்தில் வலது கம்பிகள் எப்போதும் அதிக இறுக்கத்திலும் இடது கம்பிகள் தளர்வாகவும் இருக்கும், கியர் பற்களுக்கு இடம் விடுவதற்காக ஹப்பில் கம்பிகள் கோக்கும் வலது விளிம்பு நடுவை நோக்கித் தள்ளியிருப்பதால். ரிம்மை இடப்பக்கம் நகர்த்தியதில் இரண்டு பக்க இறுக்கமும் நெருங்கி வந்தது. சக்கரம் கட்டி ஒன்பது மாதத்தில் ஒரே ஒரு முறைதான் கோட்டம் எடுத்திருக்கிறேன்.

கம்பி கட்டும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிம் பிரேக்கில் பிடிப்பு ரிம்மிலேயே நடக்கிறது. டிஸ்க்கில் ஹப்பைப் பிடித்து நிறுத்துகிறோம், ரிம்மை நிறுத்துவது கம்பிகளின் வேலை. ஹப்பிலிருந்து நேராக, ஆரம் போல வெளியே போகும் கம்பிகளால் அந்த முறுக்கைத் தாங்க முடியாது. கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். என் சக்கரத்தில் 36 கம்பி, ஒவ்வொன்றும் மூன்று கம்பிகளை வெட்டுகிறது, தடிமன் 2.3 மில்லிமீட்டர்.

இதுவரை எல்லாம் சக்கரம். இனி ஃப்ரேம், நான் தவறு செய்த இடம்.

என் ஃப்ரேம் வி-பிரேக் காலத்தது, காலிப்பர் மாட்டும் காது அதில் இல்லை. அப்படிப்பட்ட ஃப்ரேம்களுக்கென்று ஒரு அடாப்டர் கிடைக்கிறது. ஒரு முனை அச்சில் மாட்டும், மறுமுனை சீட்டிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் மெலிந்த குழாயைப் பட்டை போலக் கவ்விக்கொள்ளும். வெல்டிங் வேண்டாம், பத்து நிமிட வேலை. வாங்கி மாட்டினேன். தள்ளிப் பார்த்தபோது நன்றாகப் பிடித்தது. மெதுவாக ஓட்டியபோதும் நன்றாகவே பிடித்தது. ஆளில்லாத சமதளச் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது முறை அழுத்திப் பிடித்தபோது பின்னாலிருந்து கீச்சென்று ஒரு சத்தம், பிடி திடீரென்று தளர்ந்தது. முன் பிரேக் இருந்ததால் நின்றேன். இறங்கிப் பார்த்தால் பட்டை குழாயோடு மேலே ஏறியிருக்கிறது, குழாயின் பெயிண்ட் 2 மில்லிமீட்டருக்கு வழித்துக்கொண்டு போயிருக்கிறது, குழாயில் விரலால் தடவினால் தெரியும் அளவுக்கு ஒரு தட்டை. அன்று இரவுதான் முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

தரையில் டயர் 300 நியூட்டன் விசையில் பிடிக்கிறது என்று வையுங்கள், 110 கிலோ வண்டிக்குப் பின் பிரேக் கொடுக்கக்கூடிய ஏறக்குறைய அதிகபட்சம் அது. டயர் தரையைத் தொடும் இடம் அச்சிலிருந்து 330 மில்லிமீட்டர். காலிப்பர் பிடிக்கும் இடமோ 160 ரோட்டரில் 72 மில்லிமீட்டர்தான். நெம்புகோல் கணக்கு. 330ஐ 72ஆல் வகுத்தால் நான்கரைக்கு மேல். காலிப்பரை இழுக்கும் விசை 1,375 நியூட்டன், அதாவது 140 கிலோ எடையை அந்த மெலிந்த குழாயில் சட்டென்று தொங்கவிட்டது போல. ஒவ்வொரு முறை அழுத்திப் பிடிக்கும்போதும். நான் அன்று 203 ரோட்டரே போட்டிருந்தேன், அதில் பிடிக்கும் ஆரம் 93 மில்லிமீட்டர், விசை 1,065 நியூட்டனாகக் குறைகிறது, 108 கிலோ. அதையும் அந்தப் பட்டை தாங்கவில்லை. ரிம் பிரேக் இருந்த காலத்தில் அந்தக் குழாயின் கீழ்ப்பகுதிக்கு இப்படி ஒரு வேலையே இருந்ததில்லை, செய்தவர் அதை எண்ணிக் குழாயைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. டிஸ்க் பிரேக் போடுவது என்றால் ஃப்ரேமில் ஒரு புது விசைக்கு இடம் செய்து கொடுப்பது. ரோட்டரும் காலிப்பரும் அதற்குப் பிறகு வருபவை.

வெல்டிங்கில் நீண்ட அனுபவமுள்ள ஒருவரிடம் ஃப்ரேமை எடுத்துக்கொண்டு போனேன். காதுக்கு நான் வரைந்து வைத்திருந்த படத்தை நீட்டியதும் அவர் வாங்கவே இல்லை. “படம் எதுக்கு? சக்கரத்தை மாட்டி, ரோட்டர் காலிப்பர் எல்லாத்தையும் மாட்டிக் கொண்டு வாங்க. காலிப்பர் எங்க நிக்கணும்னு அதுவே சொல்லும்” என்றார். அடுத்த வாரம் அப்படியே போனேன். பிரேக் பிடியை இழுத்து ரப்பர் பேண்டால் கட்டிவிட்டோம், காலிப்பர் ரோட்டரைக் கவ்வியபடி அதற்குரிய இடத்தில் நேராக நின்றது. 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், 51 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளை போட்ட காது. அதைக் காலிப்பரோடு போல்ட் போட்டு, குழாயில் எங்கே தொடுகிறதோ அங்கே இரண்டு புள்ளி மட்டும் வெல்டிங் வைத்தார். அப்புறம் காலிப்பர், ரோட்டர், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றி, 140 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய அச்சை நட்டுகளோடு பின் இடைவெளியில் இறுக்கிய பிறகுதான் முழு வெல்டிங். அச்சு இல்லாமல் சூடாக்கினால் குழாய் ஆறும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், சக்கரம் நேராக உட்காராது.

காது எங்கே நிற்க வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. சீட்டிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் மேல் குழாய்க்கும் பெடல் பக்கமிருந்து பின் அச்சுக்கு வரும் கீழ்க் குழாய்க்கும் நடுவே உள்ள முக்கோணத்தில் வைப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும், காலிப்பருக்கும் பாதுகாப்பு. ஆனால் எனக்கு அங்கே எஞ்சின் செயின் முன்னோக்கி ஓடுகிறது, குழியில் இறங்கும்போது செயின் துள்ளினால் காலிப்பரில் அடிக்கும். மேல் குழாய்க்குப் பின்னால் என்றால் செயின் அங்கே பல்சக்கரத்தைச் சுற்றி அழுந்திக்கொண்டிருக்கும், துள்ளாது. அந்த இடத்தில் ரோட்டர் மேலும் முன்னுமாக ஓடுவதால், பிரேக் பிடிக்கும்போது காது குழாயை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்காமல் குழாயின் மேலேயே சாய்ந்து அழுத்தும். அதனால் பின்னால் வைத்தோம். அது போதாதென்று மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் இணைத்து ஒரு குறுக்குக் கம்பியும் வைத்தார், அழுத்தம் மெலிந்த குழாயின் ஒரே இடத்தில் விழாமல் இரண்டுக்கும் பிரிந்து போகும். நான் கேட்கவில்லை, அவராகவே வைத்தார். அந்தக் கம்பிதான் இந்த வேலையிலேயே மிக நல்ல பகுதி என்று நினைக்கிறேன்.

அலுமினிய ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வெல்டிங் வைக்கப் போக வேண்டாம். சைக்கிள் ஃப்ரேமுக்குப் பயன்படும் 6061 போன்ற அலுமினியம் வெப்பப் பதம் செய்து வலிமை ஏற்றப்பட்டது, வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் பதம் போய்விடும், மறுபடி முழு ஃப்ரேமையும் பதம் செய்யாமல் அந்த வலிமை திரும்பாது. காது உள்ள ஃப்ரேமாகப் பார்த்து மாற்றுவதே அவர்களுக்குச் சரி.

எஞ்சினுக்குப் பதில் பின்சக்கரத்தில் மின் ஹப் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியில் பாதி இல்லை. பெரும்பாலான மோட்டார்களில் இடதுபக்கம் ஆறு துளை முன்பே இருக்கும், பல்சக்கரமும் செயினும் அங்கே கிடையாது. அவர்கள் பார்க்க வேண்டியது மோட்டார் மூடியின் வயிறு. அது வெளியே புடைத்திருந்தால் காலிப்பரின் உள்பக்கம் அதில் இடிக்கும், ரோட்டருக்கு அடியில் ஒரு மெல்லிய தட்டு வைத்துத் தள்ள வேண்டியிருக்கும். அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்கும் கையை வலதுபக்கம் வைத்துக்கொண்டால் இடதுபக்கம் காலிப்பருக்கு. பிடியை இழுத்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள பிரேக் பிடியைக் கட்டாயம் போடுங்கள்.

மீதி வேலைகள் சுருக்கமாக. கேபிளால் இழுக்கும் காலிப்பரையே எடுத்தேன். ஆயில் காலிப்பர் பிடிப்பில் மென்மை அதிகம் என்பது உண்மைதான், ஆனால் சைலன்சர் சூட்டுக்கு அருகே ஆயில் குழாயைக் கொண்டுபோக எனக்கு மனமில்லை, கேபிள் என்றால் வழியில் அறுந்தாலும் மாற்றலாம். வி-பிரேக் பிடி கேபிளை அதிக நீளம் இழுக்கும், வளைந்த ஹேண்டில்பார் பிடி குறைவாக இழுக்கும், காலிப்பர் எதற்கென்று செய்ததோ அந்தப் பிடியைத்தான் போட வேண்டும். இடக்கையில் கிளட்ச் பிடி இருப்பதால் கிட் வண்டிகளில் முன், பின் இரண்டு பிரேக்கையும் ஒரே வலக்கைப் பிடியில் கோத்துவிடுவது வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு கேபிளும் ஒரே அளவில் தளராது, ஒன்று முழுதாகப் பிடிக்கும்போது மற்றொன்று பாதியில் நிற்கும். பின் பிரேக் பிடியை இடக்கையில் கிளட்ச்சுக்குக் கீழே வைத்தேன், இரண்டு விரல் கிளட்ச்சுக்கு, இரண்டு விரல் பிரேக்குக்கு. கை பழக ஒரு வாரம் ஆனது. ரோட்டர் போல்ட்களை வட்டமாக வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை, மரைப் பசை போட்டு. அச்சு நட்டு நன்றாக இறுகியிருக்க வேண்டும், காலிப்பர் வாங்கும் விசையை எதிர்ப்பக்கம் அச்சும் அதே அளவில் வாங்குகிறது.

காலிப்பருக்குள் ரோட்டரை அழுத்தும் கட்டைதான் பேடு. புதுப் பேடு முதல் நாளே பிடிக்காது. காலி இடத்தில் ஓட்டிப் போய், பிடித்து, நடை வேகத்துக்கு வந்ததும் முழுதாக நிற்காமல் விட்டு, மறுபடி வேகமெடுத்துப் பிடித்து, இப்படி இருபத்தைந்து முறை. பத்தாவது முறைக்கு மேல் பிடிப்பு கூடுவது கையிலேயே தெரியும். பேடின் பொருள் ரோட்டரின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது, அந்தப் படலமும் பேடும் சேர்ந்துதான் நல்ல பிடிப்பு.

அந்தப் படலத்தை ஒரே வாரத்தில் கெடுத்தேன். ரோட்டருக்கு 7 மில்லிமீட்டர் தள்ளி எஞ்சின் செயின் ஓடுகிறது, பழைய பழக்கத்தில் செயினுக்குத் தாராளமாக ஆயில் விட்டேன். அடுத்த நாள் பிரேக் பிடித்தால் யானை பிளிறுவது போலச் சத்தம், பிடிப்பு பாதி. ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் ரோட்டர் சரியாகிவிட்டது, பேடு சரியாகவில்லை, ஆயிலைக் குடித்த பேடை என்ன தேய்த்தாலும் பழையபடி வராது. புதுப் பேடு வாங்கினேன். இப்போது செயினுக்கு மெழுகு வகை மட்டும், அதுவும் வண்டி நிற்கும்போது ரோட்டரைத் துணியால் மூடிக்கொண்டு, பூசி ஓர் இரவு காய விட்டுத்தான் எடுக்கிறேன். பல்சக்கர போல்ட்களிலேயே 160 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டையும் செயினுக்கும் ரோட்டருக்கும் நடுவே மாட்டினேன், செயின் எதைத் தெளித்தாலும் அந்தத் தகட்டில் பட்டு விளிம்பு வழியாக வெளியே போகும். ஒரே பக்கத்தில் செயினையும் ரோட்டரையும் வைப்பவர்கள் இந்தத் தகட்டை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஓட்ட எப்படி இருக்கிறது என்றால், மழையில்தான் வித்தியாசம் முழுதாகத் தெரிகிறது. ரோட்டர் ரிம்மைவிடச் சிறியது, தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது, அதில் துளைகளும் இருக்கின்றன, தண்ணீர் தங்குவதில்லை. விரலை வைத்த கணத்தில் பிடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடித்து இறங்குகிறேன், ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று ஆறுகிறது. சரளையில் பின்சக்கரம் எப்போது வழுக்கத் தொடங்கும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரிகிறது, வி-பிரேக்கில் அது திடீரென்று பூட்டிக்கொள்ளும்.

இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை காதைச் சுற்றித் துடைத்துவிட்டு வெல்டிங் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்க்கிறேன், பெயிண்டில் முடிபோல ஒரு கோடு விழுந்தாலும் அன்றோடு வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதற்காக. இதற்காகவே அந்த இடத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறேன், விரிசல் வந்தால் துரு முதலில் அதில்தான் தெரியும். ரோட்டரின் தடிமன் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5க்கு வந்தால் மாற்ற வேண்டும். போன வாரம் அளந்தபோது 1.7 இருந்தது.